‘இல்லை’ என்றால் வீடு

பிற்பகல் மூன்று மணிக்கு, தம்பி தீபனின் இடது கட்டைவிரல் நகத்தின்மீது பேனாவைக் குறுக்காக வைத்து வாசுகி அழுத்திய அதே நொடியில், வாசல் கேட்டின் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது.

துருவேறிய தாழ்ப்பாள் அது. சற்றே மேலே தூக்கி, பிறகு இடப்பக்கம் தள்ளினால்தான் விலகும். தூக்கும்போது ஒரு முனகலும் தள்ளும்போது ஒரு கிறீச்சொலியும் எழும். இரண்டும் அந்த வரிசையிலேயே கேட்டன. கணவர் மதிவாணன் தொழிற்சாலையிலிருந்து திரும்ப மூன்று மணி நேரம் இருந்தது. காலையில் வந்து தீபனைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுப் போகும் தாதி ஷாமளா பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டாள். வாசுகி எண்ணுவதை நிறுத்தவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. எண்ணி முடித்த பிறகே பேனாவை எடுத்தாள். எதையும் பாதியில் விடுவது அவள் வழக்கமன்று.

வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கேட் பூட்டியபடியே இருந்தது. தாழ்ப்பாளின் அடியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த மழைத்துளிகளில் ஒன்றுகூட உதிர்ந்திருக்கவில்லை.

திரும்பி வந்து, கட்டிலருகே இருந்த பயிற்சிப் புத்தகத்தில் தேதியிட்டு, ‘இடது கட்டைவிரல். பத்து வினாடி. பதில் இல்லை’ என்று எழுதினாள். அழகான கையெழுத்து. நான்கு ஆண்டுகளில் ஒன்பது புத்தகங்கள் அந்தக் கையெழுத்தால் நிறைந்திருந்தன.

சாஆ ஊருக்குப் போகும் சாலையில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரி ஒன்று தீபனின் மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளியபோது அவனுக்கு வயது இருபத்தொன்பது. முதல் வாரத்தில், மருத்துவமனை நிபுணர் ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அவன் நகத்தின்மீது அழுத்திக் காட்டினார். “பாருங்க, கைய இழுத்துக்கல. வலி உள்ள போய்ச் சேரல” என்றார். இனிமேல் சேருமா என்று வாசுகி கேட்டாள். “சொல்ல முடியாதும்மா. தினமும் கவனிச்சிட்டு வாங்க” என்றபடி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். அவர் கவனிக்கத்தான் சொன்னார். பேனாவை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

பத்து பாகாட் என்ற ஊரின் தமிழ்ப்பள்ளி ஒன்றில் வாசுகி இருபது ஆண்டுகளாக ஆசிரியை. பின்தங்கிய பிள்ளைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். ஒரே கேள்வியை, ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல் கேட்பாள். கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளையும் ஒரு நாள் வாயைத் திறக்கும் என்பது அவள் கண்டறிந்த உண்மை. திறக்காத பிள்ளையை அவள் பார்த்ததில்லை. தீபனுக்கும் அதே முறைதான். ஒரு நாளைக்கு ஒரு விரல். பத்து நாளில் ஒரு சுற்று. விடுமுறை கிடையாது.

மறுநாள் மூன்று மணிக்கு, இடது ஆள்காட்டி விரல். தாழ்ப்பாள் விலகியது. பிறகு, சிமெண்டுத் தரையில் ஈரச் சிலிப்பரின் ஓசை. இரண்டு அடி, ஒரு சிறு இழுப்பு. மீண்டும் இரண்டு அடி. கூடத்தின் வாசலில் ஓசை நின்றபோது, வலியெடுத்த தசைக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி, வியர்வையோடு கலந்து, மூடியிருந்த அறைக்குள் மெல்ல வந்தது. தீபன் பேட்மிண்டன் ஆடிவிட்டு வீடு திரும்பும்போது வீசும் நெடி. அவள் பேனாவை எடுத்தாள். நெடி இல்லை. கூரைமேல் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

தீபனின் கண்கள் திறந்திருந்தன. அவை எப்போதும் பகலில் திறந்திருக்கும். எதையும் பார்ப்பதில்லை என்று நான்கு மருத்துவ அறிக்கைகள் சொல்லியிருந்தன.

அன்று மாலை டாக்டர் வசந்தினி தொலைபேசியில் அழைத்தார். ஜோகூர் பாருவில் ஓர் ஆய்வு மையத்தில், நினைவற்றுக் கிடப்பவர்களின் மூளையைப் படமெடுத்து, உள்ளே யாராவது விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பவர். முந்தைய சனிக்கிழமை தீபனை அங்கே கொண்டுபோயிருந்தார்கள்.

“டீச்சர், கொஞ்சம் உக்காந்துக்கிட்டுப் பேசுறீங்களா?”

“நின்னாலும் காது கேக்கும். சொல்லுங்க.”

“தீபன் முழிச்சிருக்கார். நாம சொல்றது எல்லாமே அவருக்குப் புரியுது. பதில் சொல்றார்.”

வாசுகி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

டாக்டர் விளக்கினார். ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டுமானால், பேட்மிண்டன் ஆடுவதாக, ஓங்கி ஓங்கி அடிப்பதாக, தீபன் மனத்துக்குள் நினைக்க வேண்டும். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால், தன் வீட்டுக்குள் நடப்பதாக நினைக்க வேண்டும்: கேட்டைத் திறந்து, கூடம், சாமி மேடை, சமையலறை, பிறகு கடைசியிலுள்ள அவன் அறை. இந்த வரிசையை எழுதிக் கொடுத்தவளே வாசுகிதான். ஆடும்போது மூளையில் ஓரிடமும், நடக்கும்போது வேறோரிடமும் திரையில் ஒளிரும். ஒரு பதிலுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

“அப்பா பேரு ஐயாசாமியான்னு கேட்டோம். ஆமான்னார். தங்கச்சி இருக்காங்களான்னு கேட்டோம். இல்லன்னார். நாலு கேள்வி, நாலும் சரி.”

“நாலு வருஷமா ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னு எழுதி எழுதிக் குடுத்தீங்களே!”

“அது நாங்க இல்ல டீச்சர்...”

“யாரா இருந்தா என்னா? எல்லாரும் வெள்ளக் கோட்டுதானே.” அவள் குரல் உயரவில்லை, உயர வேண்டிய அவசியம் அதற்கு என்றுமே இருந்ததில்லை. “நான் விடாம சொன்னேன், உள்ள இருக்கான்னு. ஒருத்தனும் கேக்கல.”

“அஞ்சாவதா ஒன்னு கேட்டோம் டீச்சர். நல்லபடியா முடிக்கலாமேன்னு. ‘வீட்டுல இருக்கப் பிடிச்சிருக்கா?’ன்னு.”

“ம்?”

“இல்லன்னார். ரெண்டு தடவ கேட்டோம்.”

அன்றிரவு அவள் உறங்கவில்லை; அதற்குக் காரணம் அச்சமன்று. யாரோ ஒருவர் தன் தம்பியைத் தன் வீட்டிலேயே வதைத்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் நெஞ்சில் கங்காகக் கனன்றது. அவனைத் தொடுபவர்கள் மூவர். அவள், மதிவாணன், ஷாமளா. ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்ததில் அவள் கணக்கு ஷாமளாவிடம் வந்து நின்றது.

காலையில் ஷாமளா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் வாசுகி வழிமறித்தாள்.

“என் தம்பிய என்னா செய்ற நீ?”

“என்னா டீச்சர், காலங்காத்தாலே? குளிப்பாட்டுறேன், திருப்பிப் படுக்க வைக்கிறேன். வேற என்னா செய்வாங்க?”

“வலிக்கிற மாதிரி என்னா செய்ற?”

ஷாமளா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: “அவரு நகத்தப் பாருங்க டீச்சர். பத்தும் கருத்துக் கெடக்கு. ரெண்டு பேந்து பேந்து மொளைக்குது. அது எப்படி வந்துச்சுன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா? படிச்சவங்க, தெரிஞ்சுதான் செய்வாங்கன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

“அது பரிசோதன. டாக்டர் காட்டிக் குடுத்தது.”

“அலமாக்! டாக்டரு தெனமுமா செய்யச் சொன்னாரு?”

“வெளிய போ.”

“போறேன் லா. எனக்கு வேற வீடு இருக்கு.” குடையை எடுத்துக்கொண்டு, அறையின் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். “அவருக்குத்தான் இல்ல.”

ஷாமளா வேலையைவிட்டு நின்ற பிறகு தீபனின் எல்லாப் பணிகளையும் வாசுகியே செய்தாள். பள்ளி விடுமுறை, நேரம் இருந்தது. மூன்று மணிப் பரிசோதனையையும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்துவானேன்? உள்ளே விழித்திருக்கிறான் என்று அறிவியலே சொல்லிவிட்டது. இனி எந்த நாளும் கை அசையலாம்.

கை அசையவில்லை. நடைதான் நீண்டது.

வெள்ளியன்று அது கூடத்தைக் கடந்து சாமி மேடைவரை வந்தது. மேடையின் முன்னால் தொங்கும் சிறு மணி, காற்றே இல்லாத பிற்பகலில், யாரோ தோளால் உரசிச் சென்றதைப்போல ஒரு முறை சிணுங்கி அடங்கியது. ஞாயிறன்று சமையலறை. தண்ணீர்க் குழாயின் அடியில் கவிழ்த்திருந்த குவளைகள் ஒன்றோடொன்று மெல்ல மோதின. திங்களன்று, சமையலறைக்கும் தீபனின் அறைக்கும் இடையிலுள்ள குறுகிய நடைவழியில், சிலிப்பரின் ஈரம் ஓடு பதித்த தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒட்டி. பிரிந்து. ஒட்டி. அவள் முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தது. திரும்பவில்லை. எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. பேனாவை எடுத்தாள்.

நின்றுவிட்டது.

கேட், கூடம், மேடை, சமையலறை. அந்த வரிசை எங்கேயோ எழுதப்பட்டிருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே என்று நினைத்துப் பார்க்க அவள் விரும்பவில்லை. மதிவாணனிடம் சொல்லவுமில்லை. அவர்மீதும் இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது. இரவில் தீபனைத் திருப்பிப் படுக்க வைப்பவர் அவர்தானே?

அடுத்த சனிக்கிழமை ஜோகூர் பாருவுக்குத் தீபனை மீண்டும் கொண்டுபோனார்கள். கேள்வித்தாளை வாசுகியே தயாரித்திருந்தாள். முதலில், யாராவது வலி கொடுக்கிறார்களா? பிறகு பெயர்கள். ஷாமளா. மதிவாணன். பட்டியல் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்றாவதாகத் தன் பெயரையும் சேர்த்திருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் தீபன் வெள்ளை வளையத்துக்குள் படுத்திருந்தான். பாதங்கள் மட்டும் தெரிந்தன. இயந்திரம் சம்மட்டியைப்போல அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு இப்பால் டாக்டர் வசந்தினி ஒலிவாங்கியில் குனிந்து கேட்டார். ஐந்து நிமிடம். திரையில், உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி பூத்தது.

“ஆமாங்கிறார்” என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில்.

“பேரு பேராக் கேளுங்க” என்றாள் வாசுகி.

ஷாமளா? இல்லை. வாசுகியின் முகம் மாறவில்லை. மதிவாணன்? இல்லை. மதிவாணன் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சுவிட்டார். வாசுகி?

ஆரஞ்சுப் புள்ளி.

“மறுபடி கேளுங்க” என்றாள் வாசுகி, வகுப்பறையில் வரும் குரலில். கேட்டார்கள். ஆரஞ்சு. “மறுபடி.” ஆரஞ்சு, முன்னிலும் பெரிதாக. நான்கு ஆண்டுகளாக ஒரு விரலை அசைக்காதவன், அந்த வளையத்துக்குள் தன் முழு பலத்தையும் திரட்டி, ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

“வாசு...” மதிவாணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். “அந்தப் பேனா. நான் என்னமோ எக்சர்சைஸ்னு நெனச்சேன் லா. விரலுக்கு எக்சர்சைஸ்னு.”

“என்ன பேனா?” என்று கேட்டார் டாக்டர்.

மதிவாணன் சொன்னார். டாக்டர் வசந்தினி மனத்துக்குள் ஏதோ கணக்கிடுவது அவர் முகத்தில் தெரிந்தது. நான்கு ஆண்டுகள், நாளுக்கு ஒன்று. கணக்கு முடிந்ததும் அவர் வாசுகியின் பக்கம் திரும்பவே இல்லை.

“டாக்டர்” என்று உதவியாளர் அழைத்தார். “ஓய்வு நேரம் விட்டாச்சு. நாம ஒன்னும் கேக்கல. ஆனா அவரு நடந்துட்டே இருக்காரு.”

திரையில் ஆரஞ்சு அணைந்து, மூளையின் ஆழத்தில், பின்புறமாக, இரண்டு நீலத் திட்டுகள் எரிந்துகொண்டிருந்தன.

“யாரும் எதுவும் கேக்கலியே” என்றாள் வாசுகி. “எதுக்கு இல்லங்கிறான்?”

அவள் கையில் வீட்டுக்குத் திரும்புவதற்கான ஆம்புலன்ஸ் சீட்டு இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இருந்த ஒரே வழி, அந்த வீட்டுக்குள்ளேயே போவதுதான். கேட்டைத் திறந்து, ஒவ்வோர் அறையாக.

அன்றே அவனை வேறிடத்தில் சேர்க்க டாக்டர் முயன்றார். எங்கும் படுக்கை கிடைக்கவில்லை. பொந்தியானில் ஒரு பராமரிப்பு இல்லம் திங்கட்கிழமை காலை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. அதுவரை தீபனை விட்டு அகலமாட்டேன் என்று மதிவாணன் எழுத்திலேயே உறுதி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பேனாவையும் பயிற்சிப் புத்தகங்களையும் வாரிக் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினார். அவன் கட்டிலருகே பாய் விரித்துப் படுத்தார்.

அவமானம் முதல் நாள் மட்டுமே இருந்தது. ஞாயிறு காலையில் அது திரிந்து வேறொன்றாக மாறிவிட்டிருந்தது. மலம் அள்ளியது யார்? முதுகில் புண் வராமல் காத்தது யார்? பதவி உயர்வை மறுத்தது யார்? ஒருவரும் நம்பாதபோது உள்ளே இருக்கிறான், இருக்கிறான் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் அந்த இயந்திரத்துக்கே அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? வாய் கிடைத்ததும் அவன் சொன்ன முதல் சொல் அவள் பெயர். குற்றவாளியின் பெயராக.

இரண்டே முக்காலுக்கு மதிவாணன் சமையலறைக்கு வந்தார்.

“தீபனோட பால் மாவு முடிஞ்சிருச்சு. டவுன் வரைக்கும் போயிட்டு இருவது நிமிஷத்துல வந்துருவேன். நீ அந்த ரூமுக்குள்ள போகாத.”

“என் தம்பி ரூமுக்கு நான் போகக் கூடாதா?”

“போகாதன்னு சொன்னேன் வாசு.”

கார் போயிற்று. மழை கனத்தது. அவள் அறைக்குள் போனாள்.

உண்மையில் மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் கையைத் தன் மடியில் வைத்து, சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேசினாள். தெரியாமல் செய்தது என்றாள். அன்பினால் செய்தது என்றாள். அவன் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அக்காவ மன்னிச்சிட்டியாடா?”

மழை.

“ஒரே ஒரு வெரல அசைச்சாப் போதும். மன்னிச்சிட்டேன்னு எடுத்துக்கிறேன்.”

காத்திருந்தாள். கருத்துப்போன நகங்கள் அவள் மடியில் அசையாமல் கிடந்தன. கேள்வி ஒன்று கேட்கப்பட்டுவிட்டது. அது பதிலின்றி அறையில் நின்றது. பதிலின்றி நிற்கும் கேள்வியை அவளால் என்றுமே பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

“கேக்குது, புரியுது, எல்லாம் தெரியுது. அந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் பதில் சொல்லுவ. எனக்குச் சொல்ல மாட்ட. நாலு வருஷம்டா, தீபா. நாலு வருஷம்!”

ஆசிரியையின் வீட்டில் பேனாவுக்குப் பஞ்சமில்லை. கூந்தல் முடிச்சிலேயே ஒன்று செருகியிருந்தது. அது எப்படிக் கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலது கட்டைவிரல். மெதுவாகத்தான் அழுத்தினாள்.

முனகல். கிறீச்சொலி.

பேனாவைத் தூக்கினாள். அமைதி. மீண்டும் வைத்தாள். முனகல், கிறீச்சொலி, சிமெண்டுத் தரையில் ஈரச் சிலிப்பர். தூக்கினாள். அமைதி.

அப்போது அவளுக்குப் புரிந்தது. வந்துகொண்டிருந்தது பேயன்று. பதில். இத்தனை நாளாக அவள் கேட்டதற்கெல்லாம் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். கேட்டிலிருந்து தொடங்கி, அறை அறையாக. இல்லை. இல்லை. இல்லை.

அச்சம் அவளை விட்டு நீங்கியது. இருபது ஆண்டுகளில் அவள் நன்கறிந்த ஒரு மகிழ்ச்சி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. பிள்ளை வாயைத் திறந்துவிட்டது.

“அப்படிச் சொல்லு” என்றாள். “தப்பான பதில். ஆனா, சொல்லு.”

அழுத்தினாள். கூடம். மேடை மணி சிணுங்கியது. இன்னும் கொஞ்சம். சமையலறை. குவளைகள். “மன்னிச்சிட்டியா?” இன்னும். நடை விரைந்தது. எண்ண மறந்துவிட்டாள். அடுத்த விரல். குறுகிய நடைவழியில் ஓசை வந்து, கதவருகே நின்று, உள்ளே தீபன் கிடப்பதைக் கண்டதைப்போலத் தயங்கி, திரும்பி ஓடியது. சமையலறை. கூடம். கேட்டின் தாழ்ப்பாள் உள்ளிருந்து ஆட்டப்பட்டது. திறக்கவில்லை. மறுபடியும் கூடம்.

“மன்னிச்சிட்டியாடா?”

அடுத்த விரல்.

கட்டிலில் அவன் அசையவில்லை. இமைகூட அசையவில்லை. வீடு முழுவதும், ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு, சிலிப்பர் கழன்ற வெறும் பாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன.